நிற்கிற கால்

ஐரீன் விழுந்தபோது அரங்கத்தில் இருந்த எல்லோரும் அவளுடைய வலது காலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அது எதிராளியின் காதுக்கு நேராக உயர்ந்து போய்க்கொண்டிருந்தது. உதை என்றால் உயர்கிற காலைத்தான் யாரும் பார்ப்பார்கள். போனது இடது முட்டி. தரையில் நின்றுகொண்டிருந்த கால். அதை ஒருத்தரும் பார்க்கவில்லை, ஐரீன் உட்பட.

உள்ளே ஏதோ தெறித்த சத்தம் அவளுக்கு மட்டும் கேட்டது. பிறகு மெத்தையில் முகம்.

அரசு மருத்துவமனையில் எலும்பு டாக்டர் முட்டியை முன்னும் பின்னும் இழுத்துப் பார்த்துவிட்டு, உள்ளே இருக்கிற நார் அறுந்துவிட்டது என்றார். அப்புறம் ஒரு கேள்வி கேட்டார்.

"உதைக்கும்போது கீழ இருந்த பாதம் திரும்புச்சா, அப்படியே நின்னுச்சா?"

"திரும்புச்சு சார்."

யோசிக்காமல் சொன்னாள். அவள் பாதம் எப்போதும் திரும்பும். பக்தவச்சலம் மாஸ்டரின் வகுப்பில் எல்லோருடைய பாதமும் திரும்பும். அந்த வகுப்பின் பெயரே அதில்தான் இருந்தது.

வகுப்பு நடந்தது காசிமேட்டில், கருவாடு காயப்போடும் சிமெண்டுத் தளத்தில். பகலெல்லாம் பெண்கள் நெத்திலியும் வாளையும் பரப்பிக் காயவைப்பார்கள். வெயில் சாய்ந்ததும் கூடையில் அள்ளிக்கொண்டு போவார்கள். அதற்கப்புறம் அது கராத்தே வகுப்பு. வெள்ளை உடை எத்தனை முறை துவைத்தாலும் வாடை போகாது. போட்டிகளுக்குப் போனால் மற்ற குழுக்கள் தள்ளி உட்காரும். 'கருவாட்டு கராத்தே' என்று பெயரே வைத்திருந்தார்கள். ஆனால் சுழன்று அடிக்கிற உதையில் இவர்களை அடித்துக்கொள்ள ஆள் இல்லை. குதிகால் தரையை விட்டு எழாமல், எண்ணெய் போட்ட சக்கரம் போல உடம்பு திரும்பும். அதுதான் சுத்தமான முறை என்று மாஸ்டர் சொல்வார். அவர் உதைத்துக் காட்டி யாரும் பார்த்ததில்லை. "நான் காட்னா என்னையே காப்பியடிப்பீங்க. கேட்டுக் கத்துக்கோங்க" என்பார்.

இன்னொரு பழக்கமும் உண்டு. பெல்ட் பரீட்சையோ போட்டியோ எதுவானாலும், மாஸ்டர் ஒரு கைப்பிடி கல்லுப்பை எடுத்து, போகிறவரை மூன்று சுற்று சுற்றி, காலடியில் கொட்டுவார். அவர்கள் அதைப் பாதத்தால் நசுக்கித் தேய்த்துவிட்டு ஆரம்பிக்க வேண்டும். திருஷ்டிக்கு. ஐரீன் விழுந்த போட்டியில் உப்புப் பொட்டலத்தைப் பிரித்ததுமே அதிகாரி ஒருவர் ஓடிவந்து, மெத்தை பாழாகிவிடும் என்று தடுத்துவிட்டார். ஆகவே வகுப்புக்குக் காரணம் கிடைத்துவிட்டது. உப்பு சுற்றவில்லை, கண்ணு பட்டுவிட்டது.

அது ஒரு கட்சி. இன்னொரு கட்சி அவள் காதில் விழாமல் பேசியது. உதை பாதி போகும்போது பயந்து பின்வாங்கிவிட்டாள், அதனால்தான் கால் மடங்கியது என்றது. அது அவள் காதில் விழுந்தது. அறுந்த நாரை விட அதுதான் இரண்டு வருடமாக வலித்துக்கொண்டிருந்தது.

இப்போது அவளுக்கு இருபத்து நான்கு வயது. காசிமேட்டில் ஒரு வலைக்கடையில் நைலான் நூலும் மிதவையும் விற்கிறாள். இடது முட்டி சொல்லாமல் கொள்ளாமல் நழுவும். படி இறங்கும்போது, பஸ்ஸில் ஏறும்போது, சில சமயம் சும்மா திரும்பும்போது. கடை முடிந்ததும் வீட்டுக்குப் போகாமல் கருவாட்டுத் தளத்தின் சுவரில் வந்து உட்காருவாள். ரமாபாய்க்காக.

ரமாபாய் வியாசர்பாடி. அப்பா பெரம்பூர் ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டர். வீட்டுச் சுவரில் புத்தரும் அம்பேத்கரும். ராகு காலம், திருஷ்டி, எலுமிச்சம்பழம் எதுவும் வாசல் தாண்டக் கூடாது. மாஸ்டர் உப்பு சுற்றும்போது மட்டும் அவள் சிரித்துக்கொண்டே நிற்பாள். "எங்கப்பாருக்கு தெரிஞ்சா என்னையும் சேத்து உப்புக்கண்டம் போட்ருவாரு மாஸ்டர்" என்பாள். ஏற்றுமதித் துணிக் கம்பெனியில் காஜா மெஷினில் உட்காருகிறாள். நாள் முழுக்கச் சட்டைக்கு ஓட்டை போடுகிற வேலை. அவளுக்கு அந்த மெஷினை விட்டு எழ வேண்டும். ஜனவரியில் மாநில அணிக்குத் தேர்வுப் போட்டி. அணியில் இடம் கிடைத்தால் விளையாட்டு ஒதுக்கீட்டில் போலீஸ் வேலைக்கு எழுதிப் போடலாம் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். அது உண்மையா என்று யாருக்கும் சரியாகத் தெரியாது. ரமாபாய் அதைப் பிடித்துக்கொண்டாள். அவளிடம் இருந்தது ஒரே சொத்து, தலைக்குப் போகிற வலது உதை. ஐரீனிடம் இருந்த அதே உதை.

நவம்பரில் மழை பிடித்துக்கொண்டது. பத்து நாளைக்குக் கருவாடு கிடையாது. தளம் கழுவி விட்டது போலக் கிடந்தது. மழை விட்ட சாயங்காலங்களில் வகுப்பு நடந்தது. ஒருத்தருக்கும் உதை வரவில்லை. பாதம் ஒட்டிக்கொண்டது போல இருந்தது. எல்லோரும் முட்டியைத் தேய்த்துக்கொண்டார்கள். அந்த வகுப்பில் இதற்கு ஒரு பெயரே உண்டு, மழை முட்டி. வருடா வருடம் வரும், மழை முடிந்தால் போகும். "குளுருக்கு ஒடம்பு இறுகிடும். தைலம் தேச்சிக்கோங்க" என்றார் மாஸ்டர்.

ரமாபாய் சுவரில் வந்து உட்கார்ந்து முட்டியில் தைலத்தைப் பூசினாள். "ஐரி, கெய்வி மாரி ஆயிட்டேன்டி. எங்க ஆயாகூட இம்மாந் தைலம் பூசாது."

"எந்த முட்டி?"

"லெஃப்ட்டு. ஏன், உன்து மாரி ஆயிடும்னு பாக்கிறியா? வாயக் கழுவு."

மழை நின்று வெயில் வந்தது. பெண்கள் மறுபடி தளத்தில் மீனைக் கொட்டி, கூடையிலிருந்து உப்பை வாரி இறைத்தார்கள். இரண்டாம் நாள் சாயங்காலம் ரமாபாய் உதைத்த உதையைப் பார்த்து வகுப்பே கைதட்டியது. மழை முட்டி போயே போய்விட்டது.

"ஏய் ஐரி, பாத்தியா!" என்று தளத்தின் நடுவிலிருந்து கத்தினாள்.

ஐரீன் அப்போதுதான் சுவரிலிருந்து இறங்கி வீட்டுப் பக்கம் திரும்பியிருந்தாள். குரல் கேட்டுச் சட்டென்று பின்னால் திரும்பினாள். இப்படித் திரும்பினால் இடது முட்டி நழுவும், அவளுக்குத் தெரியும். நழுவவில்லை. செருப்பைக் கையில் வைத்திருந்தாள். வெறும் பாதம் தரையில் தானாகச் சுழன்றது. சுழன்று, வழுக்கி, பொத்தென்று உட்கார்ந்துவிட்டாள்.

எல்லோரும் ஓடிவந்தார்கள். "முட்டியா? முட்டியா?" என்றாள் ரமாபாய்.

முட்டியில் ஒன்றுமே இல்லை. ஐரீன் உள்ளங்கையைத் தரையில் வைத்துத் தேய்த்தாள். கண்ணுக்குத் தெரியாத உப்பு மணல். கைக்கு அடியில் குட்டிக் குட்டிக் குண்டுகளாக உருண்டது. அவள் எழாமல் அங்கேயே உட்கார்ந்து தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"தலைல கிலைல அடிபட்டுச்சா?" என்றான் ஒருவன்.

அன்று வீட்டுக்கு வந்ததும் அலமாரியின் அடியில் கிடந்த சிடியை எடுத்தாள். அவள் விழுந்த போட்டியை யாரோ வீடியோ எடுத்துக் கொடுத்தது. இரண்டு வருடமாகத் தொடாதது. தம்பி நெல்சன் வீடியோ கடையில் வேலை செய்கிறவன். வீட்டில் பிளேயர் இருந்தது.

"இத்தினி நாளு பாக்காம இப்ப இன்னாத்துக்குக்கா திருப்பித் திருப்பி ஓட்டிகினுகீற? உய்ந்தது உய்ந்ததுதான். எய்ந்துக்கவா போற?"

"சும்மா குந்து. இங்க பாரு. என் கீழ் கால மட்டும் பாரு."

நிறுத்தி நிறுத்திப் பார்த்தார்கள். வலது கால் மேலே போகிறது. இடுப்பு திரும்புகிறது. தொடை திரும்புகிறது. ஆனால் இடது பாதம் ஆணி அடித்த மாதிரி எதிராளியைப் பார்த்தே நிற்கிறது. பாதம் ஒரு பக்கம், தொடை ஒரு பக்கம், நடுவில் முட்டி. அடுத்த படத்தில் அவள் கீழே கிடக்கிறாள். பின்வாங்கவில்லை. பயப்படவில்லை. உதை முழுசாகத்தான் போயிருக்கிறது. பாதம்தான் கூடப் போகவில்லை.

டாக்டரிடம் பொய் சொல்லியிருக்கிறாள், தெரியாமலே.

நெல்சன் பர்மா பஜாரில் வாங்கிய ஒரு தாய்லாந்துக் குத்துச்சண்டை சிடியைப் போட்டான். அதிலும் அவள் கீழ் காலையே பார்த்தாள். அந்த ஆட்கள் உதைக்கும் முன்பே நிற்கப்போகிற காலை வெளிப்பக்கம் திருப்பி வைத்தார்கள். பிறகு முன்பாதத்தில் எழும்பி, காலை மடக்கி நீட்டாமல், இடுப்போடு சேர்த்து மொத்தமாக வீசினார்கள். முட்டிக்குக் கீழே முன்பக்க எலும்பு போய் இடித்தது.

"தொடைய பாருக்கா, தேக்கு மரம்" என்றான் நெல்சன்.

"தொட இல்லடா. பாதம்."

"நீ ஒருத்திதான்கா சண்டப் படத்துல பாதம் பாக்குறவ."

ஞாயிற்றுக்கிழமை பெரம்பூருக்குப் போனாள். அங்கே ஒரு ஹாலில் டேக்வாண்டோ நடக்கும். டில்லிபாபு என்று ஒருவன், போட்டிகளில் பார்த்த முகம், அங்கே பழகுகிறவன். அவளைப் பார்த்ததும் எழுந்து போய் ஜன்னலைத் திறந்தான்.

"கருவாட்டு கராத்தே வந்துருச்சு. காத்து வரட்டும் மாமு."

"நக்கலு அப்பால பண்ணு. நீ உதைக்கும்போது கீழ் காலு இன்னா பண்ணுது, அத்த காட்டு."

அவன் காட்டினான். குதிகால் எழுந்தது. முன்பாதத்தில் சுழன்று, குதிகால் எதிராளியைப் பார்க்கிற வரைக்கும் வந்தது. உதை சாட்டை மாதிரி போய்த் திரும்பியது.

"குதிகாலு எவன பாக்குதோ அவனுக்குத்தான் உத. உங்க ஆளுங்க குதிகால ஒட்டிகினே சுத்துறீங்களே, அது எப்டின்னு நாங்களே பேசிக்குவோம். போட்டில விரிக்கிற மேட்டுல அது எப்டி சுத்தும்? ரப்பரு புடிச்சிக்கும். முட்டி பூடும்."

"பூடுச்சி" என்றாள் ஐரீன்.

டில்லிபாபு சிரிப்பை நிறுத்தினான். ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டான்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் அவளுக்கு எல்லாம் வரிசையாக வந்தது. முட்டி என்பது கதவுக் கீல். திறக்கும், மூடும், சுழலாது. சுழல்கிறது இடுப்பு. இடுப்பு சுழன்றால் கீழே பாதமும் சுழல வேண்டும், இல்லாவிட்டால் நடுவில் இருக்கிற கீல் பிய்ந்துகொள்ளும். எல்லா ஊரிலும் இதற்கு ஒரு வழி வைத்திருக்கிறார்கள். தாய்லாந்துக்காரன் முன்பே திருப்பி வைக்கிறான். டில்லிபாபு குதிகாலைத் தூக்குகிறான். சின்ன வயதில் காத்திவாக்கத்தில் திருவிழாவுக்குக் குத்துவரிசை ஆடுவதைப் பார்த்திருக்கிறாள். மணலில் கால் புதையும், சுழலாது என்பதால் அவர்கள் துள்ளித் திரும்பி இறங்கித்தான் உதைப்பார்கள், அதுவும் இடுப்புக்கு மேலே போக மாட்டார்கள். கருவாட்டுத் தளத்துக்காரர்கள் மட்டும் எந்த வழியும் வைத்துக்கொள்ளவில்லை. அவர்களுக்குத் தேவைப்படவில்லை. உப்பு திருப்பிவிட்டது. வகுப்பின் பேர்பெற்ற உதையில் பாதி, மீன்காரப் பெண்கள் இறைத்த உப்பு.

மாஸ்டரின் திருஷ்டி உப்பும் அதே வேலையைத்தான் செய்தது. பரீட்சை வருவது பெரும்பாலும் மழைக்காலத்தில். காலடியில் கொட்டி நசுக்கினால் பாதம் வழுக்கும். போட்டியில் உப்பு சுற்றாததால்தான் விழுந்தாள் என்று வகுப்பு சொன்னது சரி. காரணம்தான் வேறு.

ரமாபாயிடம் எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல், ஆரம்பிக்கக் கூடாத இடத்தில் ஆரம்பித்தாள்.

"ரமா, நான் உய்ந்தது உப்பு போடாததாலதான்டி."

ரமாபாய் அவளை மேலும் கீழும் பார்த்தாள். "நீயுமா? போன வாரம் தலைல அடிபட்டுச்சு, நான்தான் கவனிக்கல. வா, கோயிலுக்கு இஸ்துகினு போறேன். உங்க கோயிலா, எங்க விகாரையா?"

"திருஷ்டி இல்லடி. உப்பு. தரைல கீற உப்பு." முழுவதையும் சொன்னாள். சொல்லச் சொல்ல ரமாபாயின் முகம் மாறியது. ஐரீன் எதிர்பார்த்தது பயத்தை. வந்தது கோபம்.

"அப்ப என் உத என்து இல்ல. கருவாட்டுக்காரம்மாவோடது."

"அப்டி சொல்லல."

"அப்டிதான் சொல்ற. ஏழு வருசமா வூட்ல திட்டு வாங்கிகினு, மெஷின்ல குந்தி முதுகு ஒடஞ்சி, அப்பாலயும் ஓடியாந்து கத்துகினது. இப்ப வந்து உப்புன்ற. உனக்குப் பூடுச்சி, அதனால எனக்கும் போவணும்னு ஒரு இது."

அந்த ஆசை தனக்குள் கொஞ்சம் இல்லையா என்று ஐரீன் தானே பார்த்தாள். ஒரு ஓரத்தில் இருந்தது. இருந்தாலும் உப்பு உப்புதான்.

மறுநாள் டீக்கடை வாசலில் கால் துடைக்கக் கிடந்த ரப்பர் பெல்ட்டைக் கேட்டு வாங்கிவந்தாள். எண்ணூர்ப் பக்கம் நிலக்கரி ஏற்றுகிற கன்வேயரில் கிழிந்துபோன துண்டு. காசிமேட்டில் பாதி வாசல்களில் அதுதான் மிதியடி. தளத்தில் விரித்தாள்.

"இதுமேல நின்னு உத. மெதுவா. பாதி வேகம்."

"மெதுவா இன்னா மெதுவா."

"மெதுவான்னேன்."

ரமாபாய் முக்கால் வேகத்தில் உதைத்தாள். உதை முழுசாகப் போகவில்லை. நடுவில் நின்றுவிட்டது. அவள் இடது முட்டியைப் பிடித்துக்கொண்டு பெல்ட்டின் மேலேயே உட்கார்ந்தாள்.

"கடிக்குது" என்றாள். "மழை முட்டி."

"மழைல உப்பு கரைஞ்சி பூடுது."

"சும்மா இரு. புரியுது."

அன்றிலிருந்து குதிகாலைத் தூக்கிப் பழகினார்கள், ரப்பர் துண்டின் மேல். வேலை நடக்கவில்லை என்றே சொல்லலாம். ஏழு வருடப் பழக்கம் மூன்று வாரத்தில் மாறாது. குதிகாலைத் தூக்கினால் உடம்பு ஆடியது. உடம்பு ஆடாமல் பார்த்தால் கால் உயரவில்லை. தலைக்குப் போன உதை வயிற்றோடு நின்றது. பார்க்க அசிங்கமாக இருந்தது. வகுப்பில் சிரித்தார்கள்.

மாஸ்டர் சிரிக்கவில்லை. ரமாபாயின் குதிகாலைப் பார்த்தார், சுவரில் உட்கார்ந்திருந்த ஐரீனைப் பார்த்தார். நேராகச் சுவருக்கு வந்தார்.

"நீ சொல்லிக்குடுக்கிறியா?"

"ஆமா மாஸ்டர். மேட்டுல நம்ம உத ஆபத்து. தரைல உப்பு கீறதாலதான் நமக்கு சுத்துது..."

"குதிகாலு எய்ந்துச்சுன்னா அது கராத்தே இல்ல, டான்ஸு. எங்க மாஸ்டரு எனக்கு அப்டித்தான் சொன்னாரு. போட்டிக்கு மூணு வாரம் கீது, இப்ப போயி உதைய கெடுக்குற. பாவம்மா அந்தப் பொண்ணு." அவர் குரலில் கோபம் இல்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது. "உனக்கு ஆனது கண்ணு பட்டதால. அத்த உட்டுட்டு உப்பு, ரப்பருன்னு... போம்மா."

போட்டி நகரத்தின் நடுவில் ஓர் உள்ளரங்கத்தில். காலையில் மாஸ்டர், ரமாபாய், ஐரீன் மூன்று பேரும் பஸ்ஸில் போனார்கள். மற்ற குழுக்கள் வழக்கம்போலத் தள்ளி உட்கார்ந்தன. மாஸ்டர் சட்டைப் பையிலிருந்து உப்புப் பொட்டலத்தை எடுத்தார். அதிகாரி கையைக் காட்டினார். மாஸ்டர் பொட்டலத்தைத் திரும்பப் பையில் வைத்துக்கொண்டு, பிள்ளையைப் பள்ளியில் விட்டுவிட்டு நிற்கிறவர் போல ஓரத்தில் நின்றார்.

முதல் இரண்டு பேரைக் கைகளாலேயே ரமாபாய் வென்றாள். கடைசி ஆட்டத்தில் வந்தவள் உயரமான பெண், வேறு மாவட்டம். நன்றாக ஆடினாள். நேரம் முடியப்போகிற சமயம் ரமாபாய் மூன்று புள்ளி பின்னால் இருந்தாள். தலைக்கு ஓர் உதை விழுந்தால் மூன்று புள்ளி, சமமாகிக் கூடுதல் நேரம் கிடைக்கும். வயிற்றுக்கு இரண்டு.

உயரமானவள் களைத்துக் கையைத் தாழ்த்தினாள். தலை திறந்து கிடந்தது.

"மேல!" என்று மாஸ்டர் கத்தினார். "மேல உடும்மா!"

அரங்கத்தில் எல்லோரும் ரமாபாயின் வலது காலைப் பார்த்தார்கள். ஐரீன் மட்டும் இடது பாதத்தைப் பார்த்தாள். பாதம் அழுந்த ஊன்றியிருந்தது. குதிகால் கீழே. பழைய உதை கிளம்பிவிட்டது, இடுப்பில் தெரிந்தது. ஐரீனின் முட்டி தானாக இறுகியது. வாயைத் திறந்தாள், என்ன கத்துவது என்று தெரியவில்லை. பழைய உதை மேலே போகும். ஆட்டம் சமமாகும். ஒருவேளை முட்டியும் தாங்கும்.

குதிகால் எழுந்தது.

உடம்பு லேசாக ஆடியது. கால் பாதியில் உயரம் குறைந்து, உயரமானவளின் வயிற்றில் போய்ப் பட்டது. நடுவர் இரண்டு விரல் காட்டினார். மணி அடித்தது.

ஒரு புள்ளி. தோற்றாள். பின்னால் யாரோ, "தல தொறந்துகினு இருந்துச்சே, பயந்துட்டா" என்று சொன்னது ஐரீனுக்குத் தெளிவாகக் கேட்டது.

ரமாபாய் கும்பிட்டுவிட்டு மெத்தையை விட்டு இறங்கி நடந்தாள். இரண்டு காலில்.

திரும்பும் பஸ்ஸில் மாஸ்டர் ஆண்கள் பக்கம் ஜன்னலோரம் உட்கார்ந்தார். அவருக்கு எதிர்ப்பக்கம் இவர்கள் இருவரும். பஸ் பாரிமுனையைத் தாண்டியது.

"மேல போயிருக்கும்டி" என்றாள் ரமாபாய். "பழைய உத உட்ருந்தா போயிருக்கும்."

"போயிருக்கும்."

"முட்டியும் பூட்ருக்கும். அத்தயும் சொல்லு."

ஐரீன் பொய் சொல்லியிருக்கலாம். சொன்னால் இவளுக்கு இன்று தூக்கம் வரும். "அது தெரியாதுடி" என்றாள். "தாங்கியும் இருக்கலாம்."

"தெரியாதா?" ரமாபாய் இருக்கையில் முழுசாகத் திரும்பினாள். கண்ணில் தண்ணீர் நின்றது. "தெரியாமதான் என் உதைய பறிச்சிகினியா? நாளைக்கு நான் போயி காஜா மெஷின்ல குந்தணும். தெரியாதுன்ற!"

"எனக்கு ஒண்ணுதான் தெரியும். எனக்குப் பூடுச்சி."

பஸ்ஸில் நின்றவர்கள் இவர்களைப் பார்த்தார்கள். ரமாபாய் முகத்தைத் துப்பட்டாவில் துடைத்துக்கொண்டு வெளியே பார்த்தாள். கொஞ்ச தூரம் போனதும், "குதிகாலு தானாதான் எய்ந்துச்சு" என்றாள், ஜன்னலிடம் சொல்வது போல. "நான் தூக்கல. அந்த ரப்பர்ல கடிச்சுது பாரு, அது காலுக்கு ஞாபகம் வந்துருச்சு."

எதிர்ப்பக்கத்தில் மாஸ்டர் சட்டைப் பையிலிருந்து பொட்டலத்தை எடுத்துப் பிரித்தார். கொஞ்ச நேரம் கையில் வைத்துப் பார்த்தார். ஜன்னல் வழியாகக் கொட்டினார். காற்று அதைத் திருப்பிப் பின் இருக்கைக்காரர் முகத்தில் அடித்தது.

"யோவ்! கண்ணுல இன்னாய்யா கொட்ற? மண்ணா?"

"உப்புங்க. தெரியாம..."

"உப்பா? நான் இன்னா கருவாடா?"

ரமாபாய்க்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்து, முடியாமல், மூக்கைச் சிந்திக்கொண்டே சிரித்தாள்.

காசிமேடு நிறுத்தத்துக்கு முன்னால் பஸ் மெதுவானது. ரமாபாய் எழுந்து படிக்கட்டுக்குப் போனாள். அவள் எந்நாளும் நின்ற பஸ்ஸிலிருந்து இறங்கியவள் இல்லை. ஓடுகிற பஸ்ஸிலிருந்து இடது காலை முன்னால் போட்டுக் குதித்தாள். பஸ்ஸோடு நாலு எட்டு ஓடி, நின்றாள். ஐரீன் ஜன்னல் வழியாக அந்த முட்டியைப் பார்த்தாள். அது மடங்கியது, நிமிர்ந்தது. கதவுக் கீல் மாதிரி.

ஐரீன் பஸ் முழுசாக நிற்கக் காத்திருந்தாள். படியில் அவளுக்கு முன்னால் மாஸ்டரும் காத்திருந்தார். பஸ் நின்றது. அவர் கம்பியைப் பிடித்து, இடது காலை முதலில் கீழே வைத்து, வலது காலை அதன் பக்கத்தில் கொண்டுவந்து சேர்த்தார். அடுத்த படி. மறுபடி இடது, மறுபடி சேர்ப்பு. பல வருடமாக அவர் இப்படித்தான் இறங்குகிறார். மாஸ்டர் என்றால் ஓடுகிற பஸ்ஸில் குதிக்க மாட்டார், அது அவருடைய கெத்து என்று வகுப்பு நினைத்திருந்தது. ஐரீனும் நினைத்திருந்தாள். அவள் அதே மாதிரி இடதை வைத்து வலதைச் சேர்த்து அவருக்குப் பின்னால் இறங்கினாள்.

"உங்களுக்கு எந்த வருசம் பூடுச்சி மாஸ்டர்?" என்றாள்.

அவர் கேட்காதது போல வேட்டியைச் சரிசெய்தார். பிறகு, "மேட்டுலதான்" என்றார். "அப்ப எனக்கு உப்பு சுத்த ஆளு இல்ல. அதனாலதான்னு நெனச்சிகினேன். உங்க ஒருத்தருக்கும் அப்டி ஆவக் கூடாதுன்னுதான் சுத்துனேன்."

முன்னால் போய்விட்ட ரமாபாய் திரும்பிப் பார்த்துக் கத்தினாள். "இன்னா ரெண்டு பேரும் மாப்ள ஊர்கோலம் மாரி வரீங்க? நடங்க! பசிக்குது!"

மாஸ்டர் நடந்தார். சாலை ஓரத்தில் கருவாட்டுத் தளம் வெயிலில் வெள்ளையாகக் கிடந்தது. பெண்கள் வாளையைப் புரட்டிப் போட்டுக்கொண்டிருந்தார்கள்.

"நாளைக்கு அவங்க அள்ளிகினு போனதும் தளத்த கழுவணும்" என்றார். "பாதி தளம் மட்டும். முழுசா கழுவுனா காலைல ஈரம்னு என்னிய உப்புக்கண்டம் போடுவாங்க. நீ வாளி எடுத்தாந்துடு."

"ரப்பரு பெல்ட்டு?"

"அத்தயும்."